காது கேட்கிறதா? – புதுப்பிப்பில் விழுந்த தொலைக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

தோப்பிலும் கோபுரத்தின் உச்சியிலும் ஆள் துணையின்றி இயங்கும் சிறு கணினிகளுக்குத் தொலைவிலிருந்து புதிய மென்பொருளை அனுப்புவது பற்றியும், அது பாதியில் கெட்டுப்போனால் கருவியை மீட்பது பற்றியும் இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தென்னந்தோப்புகளில் மண்ணின் ஈரத்தையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் அளந்து அனுப்பும் கருவிகளை நிறுவிப் பராமரிக்கிறோம். உள்ளே லினக்ஸ் இயங்குதளம், 4ஜி மோடம், ஒரு சிம் கார்டு. போன வாரம் ஒரே இரவில் எல்லாக் கருவிகளுக்கும் புதிய பதிப்பை அனுப்பினோம். பெரும்பாலானவை எழுந்துவிட்டன, பத்துப் பன்னிரண்டு மட்டும் திரும்பவே இல்லை. ஆளை அனுப்புவதற்கு முன் இங்கிருந்தே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்டு. முதலில் சர்வரில் புதுப்பிப்பு வரிசையை நிறுத்திவிடுங்கள். பதற்றத்தில் அதே பதிப்பை மறுபடி அனுப்புவதும், இரவோடு இரவாக ஒட்டுப்போட்ட இன்னொரு பதிப்பை அனுப்புவதும், அரை உயிரோடு இருக்கும் கருவியை முழுதாகச் சாய்க்கும் வேலைகள். நானும் இளம் வயதில் அதைச் செய்து கெட்டிருக்கிறேன்.

அடுத்தது, ‘திரும்பவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். மொத்தமாக சிம் வாங்கியிருந்தால், அவற்றை நிர்வகிக்க மொபைல் நிறுவனம் கொடுத்திருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சிம்மின் டேட்டா தொடர்பும் எப்போது தொடங்கியது, எப்போது அறுந்தது என்ற பதிவு கிடைக்கும். ஒரு கருவியின் தொடர்பு மணிக்கணக்காக அறுபடாமல் இருந்தும் உங்கள் சர்வருக்கு எதுவும் வரவில்லை என்றால், பெரும்பாலும் அங்கே லினக்ஸ் எழுந்துவிட்டது, மோடம் வேலை செய்கிறது, அளவீடுகளை அனுப்பும் உங்கள் செயலி மட்டுமே விழுந்து கிடக்கிறது. இத்தகைய கருவி பிழைத்துக்கொள்ளும். இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது கடிகாரத்தை. நேரத்தைப் பேட்டரியால் காக்கும் சில்லு இல்லாத போர்டு, மறுதொடக்கத்திற்குப் பின் பழைய தேதியோடு எழும். அந்தத் தேதிக்கு, சர்வர் தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தோன்றும். உடனே கருவி பேச மறுத்துவிடும். புதிய பதிப்பில் நேரம் சரிசெய்யும் சேவை உங்கள் செயலிக்குப் பின்னால் தொடங்குமாறு வரிசை மாறியிருந்தாலே இது போதும். மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையாகக் கருவிக்குள் வைத்திருக்கும் வேர்ச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டாலும் இதே கதைதான். 2021 செப்டம்பர் 30 அன்று, ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ்களைப் பழைய கருவிகள் நம்புவதற்கு ஆதாரமாயிருந்த ஒரு வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, அதுவரை ஒழுங்காக இருந்த எத்தனையோ பழைய கருவிகள் யாரும் தொடாமலேயே ஊமையாயின.

டேட்டா தொடர்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தோன்றித் தோன்றி மறைந்தால், கருவி எழுவதும் விழுவதுமாகச் சுழல்கிறது என்று பொருள். இந்த நிலையை மீட்டதற்கு மிகப் பெரிய உதாரணம் செவ்வாயில் இருக்கிறது. 2004 ஜனவரி 4 அன்று தரையிறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, ஜனவரி 21 அன்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டிருந்தன; எழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு அமைப்பை ஏற்ற முயன்று, முடியாமல் மறுபடி விழுந்தது; இப்படி 60 தடவைக்கு மேல் மறுதொடக்கம் ஆனது. இரவில் உறங்க வேண்டிய ஊர்தி உறங்காததால் பேட்டரியும் கரைந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் அனுப்பிய கட்டளையின் சாரம் இவ்வளவே: ‘ஃபிளாஷைத் தொடாதே, ராமை (தற்காலிக நினைவகத்தை) மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திரு.’ அது எழுந்தது. பிறகு வேண்டாத கோப்புகளை அழித்தார்கள். பிப்ரவரியில் ஃபிளாஷை முழுதாகத் துடைத்து ஒழுங்குபடுத்தினார்கள். அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தக் கட்டளையைக் கேட்கும் காது, கெட்டுப்போன பகுதிக்கு வெளியே இருந்தது என்பதைத்தான். உங்கள் கருவிகளில் செயலிக்கு முன்பாகவே எழுந்து சர்வரிடம் ‘வந்துவிட்டேன், ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கேட்டு ஒரு நிமிடம் காத்திருக்கும் சிறு நிரல் இருந்தால், ‘செயலியைத் தொடங்காதே, அப்படியே நில்’ என்ற ஒற்றை வரி போதும். அப்படி ஒன்று இல்லை, ஆனால் கருவியே சர்வருக்குத் திறக்கும் தனிப் பாதையான விபிஎன் வழியாக, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் மட்டும் உண்டு என்றால், ஒவ்வொரு விநாடியும் தொடர்புக்கு முயன்று, கதவு திறந்த கணமே செயலியின் சேவையை நிறுத்திவிடும் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். கையால் தட்டச்சு செய்து அந்த இடைவெளியைப் பிடிக்க முடியாது. 4ஜி சிம்களுக்குப் பெரும்பாலும் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை என்பதால், கருவிதான் நம்மைத் தேடி வர வேண்டும், நாம் அதைத் தேடிப் போக முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தத் தொடர்பும் பதிவாகாத கருவிகள்தாம் மிச்சம். அவற்றில் ஒன்றிரண்டு, புதுப்பிப்பால் அல்லாமல் வெறும் மின்தடையால் அணைந்திருக்கும். தோப்புக்காரருக்கு ஒரு போன் போட்டு, பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள்; மெயின் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். போர்டு தானாக ரீசெட் ஆகும்போது பல வடிவமைப்புகளில் மோடத்துக்குப் போகும் மின்சாரம் அறுவதில்லை. குழம்பிய மோடம் குழம்பியபடியே இருக்கும். முழுதாக மின்சாரத்தை நிறுத்தும்போதுதான் அதுவும் தெளிகிறது. இதற்கும் எழாதவற்றுக்கு ஆளை அனுப்புங்கள்.

கேள்வி: நாசாவே ஒரு புதுப்பிப்பில் விண்கலத்தை இழந்ததாகப் படித்தேன். உண்மையா? – ஒரு மாணவி, திருச்சி

பதில்: உண்மை, அதுவும் ஒருமுறை மட்டுமல்ல. 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1, எதிர்பார்த்ததைவிடப் பல ஆண்டுகள் உழைத்தது. 1982 நவம்பரில், மூப்படைந்த பேட்டரியைச் செம்மையாக மின்னேற்றுவதற்கான புதிய மென்பொருளை அனுப்பினார்கள். அந்தக் கட்டளை, ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பப் பயன்படும் தரவுகள் இருந்த இடத்தின் மேலேயே எழுதிவிட்டது. ஆன்டெனா எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஊகித்து நான்கு மாதங்கள் முயன்றும் பதில் இல்லை.

மார்ஸ் குளோபல் சர்வேயரின் கதை இன்னும் நெருடலானது. 2006 ஜூனில் அனுப்பிய ஒரு கட்டளை நினைவகத்தில் தவறான முகவரியில் எழுதப்பட்டது. உடனே எதுவும் நடக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 2 அன்று, சூரியத் தகடுகளைத் திருப்பச் சொன்னபோது அந்தப் பிழை விழித்துக்கொண்டது. தகடு சிக்கியது, கலம் தன்னைக் காத்துக்கொள்ளத் திரும்பிய நிலையில் ஒரு பேட்டரியின் மேல் வெயில் நேராக விழுந்து சூடேறியது. அவசரகாலத்தில் ஆன்டெனா எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்ற எண்ணும் அதே தவறான எழுத்தால் கெட்டிருந்ததால், அது தன் நிலையைப் பூமிக்குச் சொல்லவும் முடியவில்லை. பேட்டரி, சூரியத் தகடு என்று வேறு எதற்காகவோ செய்த திருத்தம் இரண்டு முறையும் காதின் மேல் போய் விழுந்திருக்கிறது. புதிய பதிப்பை ‘நன்றாக எழுந்துவிட்டது’ என்று அன்றே முத்திரை குத்துகிறவர்கள் அந்த ஐந்து மாதத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கருவியின் சேமிப்பகத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து இரண்டு பதிப்பை வைத்துக்கொள்ளும் முறையைப் பரிந்துரைக்கிறார்கள். ஒரு பகுதி கெட்டால் மற்றதில் இருந்து எழும் என்பது புரிகிறது. ‘கெட்டுவிட்டது’ என்று தீர்மானிப்பது யார்? – ஒரு பொறியாளர், ஓசூர்

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இந்த முறையை விளக்குகிற பலரும் பகுதிகளின் படத்தை வரைந்துவிட்டு, தீர்மானத்தைப் பற்றிப் பேசாமல் போய்விடுகிறார்கள்.

கருவிகளுக்குள் பொதிந்து வைக்கும் எம்பெடட் லினக்ஸ் போர்டுகளில் பரவலாக உள்ள யூ-பூட் என்ற பூட்லோடரில் (லினக்ஸை எழுப்பும் சிறு நிரல்) இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு முறை எழும்போதும் ‘பூட்கவுண்ட்’ என்ற எண்ணை அது ஒன்று கூட்டும். அந்த எண் ‘பூட்லிமிட்’ என்ற வரம்பைத் தாண்டினால், வழக்கமான கட்டளைக்குப் பதிலாக மாற்றுக் கட்டளையை இயக்கும். அந்த மாற்றுக் கட்டளையில் பழைய பகுதியிலிருந்து எழச் சொல்லி நாம் எழுதிவைத்திருப்போம். லினக்ஸ் முழுதாக எழுந்து, எல்லாம் சரி என்று திருப்தியடைந்த பின், உள்ளிருந்து அந்த எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். ஆகவே தோல்வியை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. வெற்றியை அறிவிக்க ஆள் இல்லாவிட்டாலே அது தோல்விதான்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ‘ட்ரைபூட்’ என்ற வசதி இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. ஒரே ஒரு முறை மட்டும் புதிய பகுதியிலிருந்து எழச் சொல்லலாம். அந்தக் குறி ஒருமுறை பயன்பட்டதும் அழிந்துவிடும். அடுத்த மறுதொடக்கம் எதனால் நேர்ந்தாலும் பழைய பகுதிக்கே போகும். புதியது நன்றாக இருந்தால் நாமே அதை நிரந்தரமாக்க வேண்டும்.

ஆனால் இரண்டு முறைகளும், விழுந்த கருவி மறுதொடக்கம் ஆகும் என்று நம்பியிருக்கின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழ முடியாமல் ‘பேனிக்’ ஆனால், இயல்பான அமைப்பில் அது அப்படியே உறைந்து நிற்கும்; மறுதொடக்கம் ஆகாது. கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ‘பேனிக்=10’ என்று சேர்த்தால் 10 விநாடிக்குப் பின் தானே ரீசெட் ஆகும். இந்த ஒரு சொல்லை விட்டதால் நாலு மணி நேரம் பேருந்தில் போய், ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. யூ-பூட் தன் எண்களைச் சேமிக்கும் இடத்தையும் இரண்டு பிரதிகளாக வைத்திருங்கள். ஒரு பிரதியை எழுதும்போது மின்சாரம் போனால் மற்றது காப்பாற்றும். இரண்டுமே கெட்டால், பூட்லோடருக்குள்ளேயே பொதிந்திருக்கும் தொடக்க அமைப்பை அது எடுத்துக்கொள்ளும். அந்தத் தொடக்க அமைப்பு போர்டு தயாரித்தவர் வைத்த மாதிரி அமைப்பாகவே இருந்துவிட்டால், உங்கள் இரட்டைப் பகுதி ஏற்பாட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பூட்லோடரையே தொலைவிலிருந்து புதுப்பிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தவிர்க்கவே முடியாத பாதுகாப்புக் குறை இருந்தாலொழிய வேண்டாம். பல போர்டுகளில் அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது.

கேள்வி: எங்கள் கருவியில் வாட்ச்டாக் இருக்கிறது. உறைந்தால் அதுவே ரீசெட் செய்துவிடும். அதற்கு மேல் என்ன வேண்டும்? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அந்தக் காவல் நாய்க்குச் சோறு போடுவது யார் என்று பாருங்கள். குறித்த நேரத்துக்குள் உணவு வராவிட்டால் ரீசெட் செய்யும் வன்பொருள் கடிகாரம் அது. ராஸ்பெரி பையில் அந்த நேரம் அதிகபட்சம் சுமார் 15 விநாடி. பெரும்பாலான அமைப்புகளில், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதற்கு உணவு போடுகிறது. உங்கள் செயலி செத்து, மோடம் உறைந்து, கருவி யாருடனும் பேசாமல் மாதக்கணக்கில் கிடந்தாலும் சிஸ்டம்டி உயிரோடுதான் இருக்கும்; நாயும் நிம்மதியாக உறங்கும். சர்வருடன் நீண்ட நேரம் பேச முடியாவிட்டால் முதலில் மோடத்தையும், பிறகும் முடியாவிட்டால் கருவியையும் மறுதொடக்கம் செய்யும் தனி ஏற்பாடு வேண்டும். அந்த ‘நீண்ட நேரம்’ ஐந்து நிமிடமாக இருந்தால், உங்கள் சர்வர் பழுதான ஓர் இரவில் எல்லாக் கருவிகளும் விடிய விடிய எழுந்து விழுந்துகொண்டிருக்கும். நான் சில மணி நேரம் வைப்பேன். வாட்ச்டாக் பூட்லோடரிலேயே தொடங்கிவிட்டதா என்பதையும் சோதியுங்கள். லினக்ஸ் எழுந்த பின்தான் தொடங்குகிறதென்றால், எழும்போது உறைவதை அது பார்க்காது.

கேள்வி: புதுப்பிப்பு தோற்றதும் கருவி தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பியது. ஆனால் நேற்றுவரை ஓடிய அதே பழைய பதிப்பு இப்போது ஓட மறுக்கிறது. எப்படி? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பழைய பதிப்பு மாறவில்லை, அதன் காலடியில் இருந்த தரவு மாறிவிட்டது. நிரல்களுக்கு இரண்டு பகுதிகள் இருந்தாலும், அமைப்புகளும் அளவீடுகளும் இருக்கும் தரவுப் பகுதி ஒன்றுதான். புதிய பதிப்பு எழுந்த சில நிமிடங்களில் அந்தத் தரவுத்தளத்தைத் தனக்கேற்ற புதிய வடிவத்துக்கு மாற்றியிருக்கும். பிறகு வேறு காரணத்தால் விழுந்திருக்கும். திரும்பி வந்த பழைய பதிப்புக்கு அந்த வடிவம் தெரியாது. புதிய பதிப்பு உறுதியாகும்வரை தரவைப் பிரதியெடுத்து, பிரதியின் மேல் மட்டும் மாற்றம் செய்ய வேண்டும். இடம் போதவில்லையென்றால், அமைப்புகளை மட்டுமாவது பிரதியெடுங்கள். அளவீடுகள் போனால் ஒரு நாள் கணக்கு போகும், சர்வரின் முகவரியும் சாவியும் போனால் கருவியே போகும்.

சில சில்லுகளில், பழைய ஓட்டையுள்ள பதிப்புக்குத் திருடர்கள் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக, பதிப்பு எண்ணை, சில்லுக்குள் இருக்கும், ஒருமுறை பதித்தால் அழிக்க முடியாத ஃபியூஸில் பதிக்கும் வசதி உண்டு. புதியது உறுதியாவதற்கு முன்பே அந்த ஃபியூஸை எரித்துவிட்டால், பழையதற்குத் திரும்பும் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

கேள்வி: எத்தனை கருவிகளுக்கு முதலில் அனுப்பிப் பார்ப்பது? – ஒரு வாசகர், சென்னை

பதில்: எண்ணிக்கையைவிட வகை முக்கியம். மேசையில் இருக்கும் இரண்டு, பிறகு வண்டியில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஐந்து, அவற்றில் மோசமான சிக்னல் உள்ள ஒன்று, பழைய தொகுதிப் போர்டு ஒன்று. இவை ஒரு வாரம் ஓடிய பின் மற்றவை.

இந்தப் பொறுமை பெரிய நிறுவனங்களுக்கும் எளிதில் வருவதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. விமான நிலையங்களின் தகவல் திரைகளும் அவற்றில் அடக்கம். கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. என்ன பயன்? அதை ஏற்கெனவே வாங்கிக்கொண்ட கணினிகள், திருத்தத்தைப் பெறும் அளவுக்குக் கூட எழ முடியவில்லை. ஆட்கள் கணினி கணினியாகப் போய், ‘சேஃப் மோட்’ என்ற பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வலைத்தொடர்பு கிடைத்த சில கணினிகள் மட்டும், பலமுறை மறுதொடக்கம் செய்ததில், விழுவதற்கு முந்தைய சில நொடிகளில் திருத்தத்தை வாங்கிப் பிழைத்தன.

கேள்வி: வீட்டுக் கதவுக்கு வைஃபை பூட்டு வாங்க நினைக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: பொருந்தும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம், ஒரு மாடலுக்கான மென்பொருளை வேறொரு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட, சுமார் 500 பூட்டுகள் தொடர்பை இழந்தன. தொடர்பே போனதால் தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லை. பூட்டின் பின்பாகத்தைக் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாதாரணச் சாவியாலும் திறக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கடைசியில் நேரில்தான் போக வேண்டும் என்றால், பையில் என்ன எடுத்துப் போவது? போனதும் முதலில் என்ன செய்வது? – ஒரு வாசகர், தேனி

பதில்: மடிக்கணினி, போர்டு சொல்வதை மடிக்கணினியில் காட்டும் சீரியல் கேபிள், ஒழுங்காக ஓடும் பதிப்பை எழுதிச் சோதித்த மாற்று எஸ்டி கார்டு அல்லது மாற்றுப் போர்டு, ஒரு மல்டிமீட்டர். சீரியல் கேபிள் 3.3 வோல்ட்டுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் கேபிள் போர்டின் கால்களை (பின்களை) கெடுத்துவிடலாம். மூன்று கம்பிகள் போதும்: கிரவுண்டை முதலில் மாட்டி, போர்டு அனுப்பும் காலை கேபிள் கேட்கும் காலிலும், கேட்கும் காலை அனுப்பும் காலிலும் இணைத்து, வேகத்தை 115200 என்று வைத்தால் பெரும்பாலான போர்டுகள் பேசும். கேபிளில் உள்ள மின்சாரக் கம்பியைப் போர்டில் மாட்ட வேண்டாம்.

போனவுடன் எதையும் சரிசெய்யத் தொடங்காதீர்கள். முதலில் மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். புதுப்பிப்பின் தலையில் போட்ட பழி பலமுறை வலுவிழந்த அடாப்டருக்கு உரியதாக இருக்கும். பிறகு கருவியை அணைத்துப் போட்டு, அது எழுந்து விழும்வரை சீரியல் வழியாகச் சொல்வது முழுவதையும் ஒரு கோப்பில் பதிவுசெய்யுங்கள். கார்டு கழற்றக்கூடியதாக இருந்தால், அதை உறையில் போட்டு, இடத்தின் பெயர் எழுதி, அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். தோப்பில் நின்றுகொண்டு அதைப் பழுதுபார்க்கப் போனால், மற்ற கருவிகள் ஏன் விழுந்தன என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அழிந்துபோகும். மாற்றுக் கார்டைப் போட்டு, சர்வரில் அந்தக் கருவியின் பெயர் பச்சையாக வந்த பிறகும், மெயின் சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டு, யாரும் தொடாமல் தானாக எழுகிறதா என்று பார்த்த பின்பே பெட்டியின் மூடியை முடுக்குங்கள்.